பெரிய சார் கார்டு

நூலக வாசலில் ஒரு பலகை தொங்கியது. "வாசகர் என்ன படிக்கிறார் என்பது வாசகருக்கும் புத்தகத்துக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்" என்று எழுதியிருந்தது. தலைமை நூலகர் தாமே யோசித்து, தாமே வார்த்தை கோத்து, பெயிண்டரை வரவழைத்து எழுதவைத்தது. வாசகம் கறுப்பு. கீழே அவருடைய பெயர் மட்டும் தங்க நிறம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பெயர் தெரியும், ரகசியம் தெரியாது.

அவரை எல்லோரும் பெரிய சார் என்றார்கள். சின்ன சார் என்று அங்கே யாரும் கிடையாது. இருந்தாலும் அவர் பெரிய சார்.

புத்தகம் கொடுக்கிற மேசையில் உட்காருகிறவளுக்குச் சீலக்கா என்று பெயர். திருப்பித் தரவேண்டிய தேதியை அவள் சீல் குத்தினால் வாசிப்பறையின் கடைசி நாற்காலியில் தூங்குகிறவர் எழுந்துகொள்வார். அம்மாவோடு செங்கல் சூளையில் கல் சுமந்து வளர்ந்த கை அது. மெதுவாகச் செய்கிற வேலை எதையும் அந்தக் கை பழகியதில்லை.

"கொஞ்சம் மெல்லக் குத்தும்மா, புத்தகத்துக்கு வலிக்கும்" என்பார் பெரிய சார், நயமாக.

"வலிச்சா கத்தும் சார். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள்.

கைதான் முரடு. வாய், தேவையான இடத்தில் பூட்டு. திரும்பி வருகிற புத்தகங்களுக்குள் என்னவெல்லாமோ கிடக்கும். சீப்பு, தலைமுடி, மருந்துச் சீட்டு, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட காதல் கடிதம். எதையும் பிரித்துப் பார்க்காமல் குப்பைக் கூடையில் போடுவாள். விவாகரத்துச் சட்டம் எடுத்துப்போனவளின் மாமியார் வந்து, "எங்க மருமக என்னம்மா படிக்கிறா, எப்பப் பார்த்தாலும் புத்தகமும் கையுமா?" என்று விசாரித்தால், "கோலப் புத்தகம்" என்பாள் முகம் மாறாமல். பலகையைப் பார்த்து வந்த ஒழுக்கம் இல்லை அது. பலகை நேற்று வந்தது. சூளையில் மேஸ்திரி வந்து, "கூலி பத்தலேன்னு யாரு பேசினது?" என்று கேட்டபோது, அத்தனை பெண்களும் தலையில் கல்லோடு நின்று செவிடாகிப்போனதைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள்.

அந்த நூலகத்தில் வெளியே தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர் ஆக முகவரிக்குச் சான்று வேண்டும். ஊர்க் கோடியில் இருந்த ஈயப் பட்டறை ஆட்களிடம் அது கிடையாது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற இடம் அது. வேலை செய்கிறவர்கள் பட்டறைக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்கள். கதவு எண் கொண்டு வா என்றால் எங்கே போவார்கள்? கொட்டகைக்குக் கதவே கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தாள். தலைமை நூலகர் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விதி இருந்தது. பெரிய சார் ஒரு புத்தகமும் எடுத்தவரில்லை. சும்மா கிடக்கிற நிலத்தில் நாலு செடி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முகவரி இல்லாதவர்கள் கேட்கிற புத்தகத்தையெல்லாம் பெரிய சார் கார்டில் போட்டுக் கொடுத்துவிடுவாள். இன்று வரை ஒரு புத்தகமும் தொலைந்ததில்லை. தொலைப்பதெல்லாம் கதவு எண் உள்ளவர்கள்தான்.

அதனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் பெரிய சாரைப் போல வாசகர் பூமியில் கிடையாது. கர்ப்பிணிகளுக்கான யோசனைகள் படித்தார். மோட்டார் காயில் கட்டுவது எப்படி என்று படித்தார். ஒரே வாரத்தில் நாலு பேய்க்கதை படித்துவிட்டு, மறுவாரம் வெள்ளாட்டு நோய்களுக்குத் தாவினார். நூலகர் சங்கம் அந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துப்போய், "அதிகம் படித்த நூலகர்" என்று வருஷா வருஷம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டார். நான் எப்போது படித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடாமல் வைத்த பாலைக் கண்ட பூனை, இது யார் வீட்டுப் பால் என்று விசாரிக்குமா? கேடயங்கள் அவர் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. தினமும் அவரே துடைப்பார்.

ஒருநாள் மத்தியானம் குச்சி வந்தான். பட்டறையில் உலை பார்க்கிறவன். எலும்பின் மேல் சட்டை மாட்டியது போல இருப்பான், அதனால் குச்சி.

"அக்கா, வயித்துவலிக்கு ஏதாவது புத்தகம் இருக்கா?"

"வயித்துவலிக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

"போனேனே. கேஸுங்கிறாங்க. மாத்திரை குடுக்கிறாங்க. ஏன்க்கா, பட்டறையில இருக்கிற அத்தனை பேருக்குமா ஒரே நேரத்துல கேஸ் பிடிக்கும்? முறுக்கிப் பிழியுதுக்கா. ஈயம் அள்ளற கரண்டியைத் தூக்கினா மணிக்கட்டு தொங்குது."

கடைசி அலமாரியின் அடித்தட்டில் தொழிற்சாலை நோய்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. வந்த நாள்முதல் யாரும் தொட்டதில்லை. தூசி தட்டி எடுத்து, ஈயம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். அதில் ஒரு படம். யாரோ ஒருவனுடைய மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், மை தொட்டுக் கோடு இழுத்தது போல, நீலக்கறுப்பாக ஒரு வரி.

குச்சி படத்தைப் பார்த்தான். எழுந்து கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். திரும்பி வந்தபோது நடையே வேறாக இருந்தது.

"அக்கா, இது என் வாய்க்கா" என்றான்.

அவள் புத்தகத்தை மூடினாள். பெரிய சார் கார்டில் ஏற்றி, சீலைக் குத்தி, புத்தகத்தை அவனிடம் தள்ளினாள்.

அதன் பிறகு பட்டறையில் நடந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தால்தான். சாப்பாட்டு வேளையில், கங்காணி வெளியே போனதும், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்து குச்சி உரக்கப் படிப்பான். மற்றவர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள். "உனக்கு இருக்கு." "உனக்கும்தான் இருக்கு." "இவனுக்குக் கோடு இல்ல, ரோடே போட்டிருக்கு." சிரித்துக்கொண்டே பார்த்தார்கள், பிறகு சிரிக்காமல் பார்த்தார்கள். பட்டறையில் தினமும் ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுப்பது வழக்கம். பால் குடித்தால் ஈயத்தூசி வயிற்றில் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். தண்ணீர் கலந்த பால்தான், ஆனாலும் வாங்கிக் குடித்து வாழ்த்தினார்கள். புத்தகத்தில், பால் பாதுகாப்பு ஆகாது, ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மறுநாள் பால் கேன் போன எடையிலேயே திரும்பி வந்தது.

"பால் வேண்டாமாம்?" என்றார் முதலாளி, நம்பாமல்.

"ரத்தத்தைப் பாருங்கங்கிறாங்க முதலாளி" என்றான் கங்காணி.

"ரத்தமா? இவனுங்களுக்கு யாருய்யா ரத்தத்தைப் பத்தி சொன்னது?"

இரும்பைத் திருடினால் தாங்கிக்கொள்வார். ஈயத்தைத் திருடினாலும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். படிப்பைத் திருடிக்கொண்டு உள்ளே வந்தவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆள் யாரென்று தெரிந்தால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம். ஒருவனைத் தள்ளினால் மற்றவர்கள் உதட்டை மூடிக்கொள்வார்கள். ஆனால் கேட்டால் யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள். புத்தகம் நூலகத்துப் புத்தகம் என்பது மட்டும் தெரிந்தது. ஆட்களுக்குள் அது கை மாறியபோது, முதுகில் எண் ஒட்டியிருந்ததைக் கங்காணி தூரத்திலிருந்து பார்த்திருந்தான்.

அந்தப் பட்டறையின் வாசலில், எடை மேடையில் நின்று லாரிகளுக்கு எடை போடுகிறவன் சீலக்காவின் தம்பி. சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாரு. உட்காரச் சொன்னாரு. டீ குடுத்தாரு."

"டீ குடுத்தாரா? அப்ப ஏதோ வில்லங்கம்தான்."

"அந்தப் புத்தகத்தை எடுத்தவன் பேரு வேணுமாம். உங்க அக்கா அங்கதானே இருக்கு, கேட்டு வான்னாரு. ஒரே ஒரு பேருதான்க்கா. சொன்னா என்னை சூப்பர்வைசர் ஆக்கறேன்னாரு."

"சொல்லலேன்னா?"

"அதைச் சொல்லல."

"அதை அவங்க சொல்ல மாட்டாங்கடா. செய்வாங்க."

தம்பிக்குக் கோபம் வந்தது. "நீ என்ன டாக்டரா, வக்கீலா? அலமாரியிலேருந்து எடுத்து மேசையில வைக்கிறவ. ரகசியம் காக்கிறாளாம் ரகசியம்! கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சுட்டு, எவனோ வயித்துவலிக்காரனைக் காப்பாத்தப் போறியா?"

அவன் பேசப் பேச, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் சீலக்கா.

"டேய், இப்படி ஜன்னல்கிட்ட வா."

"எதுக்கு?"

"வாடான்னா."

வந்தான். அவள் அவன் தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகைக் கட்டைவிரலால் உதட்டைத் தூக்கினாள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. வெளிச்சத்தில் தெரிந்தது. குச்சியினுடையதைப் போலக் கறுப்பு இல்லை. பென்சிலால் லேசாகக் கோடு இழுத்துப் பார்த்த மாதிரி.

கைக்கண்ணாடியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். வெகுநேரம் பார்த்தான்.

"நான் எடை மேடையிலதான்க்கா நிக்கறேன். உலைப் பக்கமே போறதில்ல."

"புகைக்கு அது தெரியுமா?"

"இது டீக் கறை."

"முதலாளி குடுத்த டீயா? ஒரு டம்ளருக்கே இவ்வளவு கறை பிடிக்குதா?"

அவன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான். வாசல் வரை போய்த் திரும்பி, "நாளைக்கு முதலாளியே வராரு. என்னையும் கூட்டிட்டு வராரு" என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

மறுநாள் சீலக்கா சீக்கிரமே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புத்தகம் திரும்பிவிட்டது என்று பொய்யாக ஒரு பொத்தானை அழுத்திவிடலாம். அப்போதும் கடைசியாக எடுத்தவர் பெயர் அழியாது. பெரிய சார் பெயர் வந்து நிற்கும். "என் கார்டில் யாருக்குக் கொடுத்தாய்?" என்று அவர் கேட்பார். குச்சி பெயரைச் சொன்னால் குச்சியின் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு போகும். எந்தப் பக்கம் புரண்டாலும் முள். அவள் பொத்தானைத் தொடவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. நடக்கிறது நடக்கட்டும் என்று ஈரத்துணியால் மேசையைத் துடைத்தாள்.

பெரிய சார் அன்று நல்ல குஷியில் இருந்தார். முதல்நாள்தான் "தகவல் அறம்" என்று ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு வந்திருந்தார். வாசகரின் ரகசியத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்று முடித்தாராம். கைதட்டல் அடங்கவே இல்லையாம். அவரே சொன்னார்.

முதலாளி வந்தார். பின்னாலேயே தம்பி, தலையைக் குனிந்துகொண்டு. பெரிய சார் எழுந்துநின்று நாற்காலியைத் தம் கையாலேயே இழுத்துப் போட்டார். வாசிப்பறைக்கு ஏசி போட்டுத் தருவதாக முதலாளி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ஒரு அறச் சிக்கல் இருக்குங்க" என்றார்.

"ஏசி எத்தனை டன்னு வேணும்?" என்றார் முதலாளி.

பெரிய சார் கண்ணைத் திறந்தார். "சிக்கல்னு ஒண்ணு இருந்தா தீர்வுன்னு ஒண்ணும் இருக்கும் இல்லீங்களா? தகவல்ங்கிறது காத்து மாதிரி. அடைச்சு வைக்கக் கூடாதுன்னுதான் நானே நேத்துப் பேசினேன்."

நேற்று அவர் பேசியது அதற்கு நேர்மாறு. ஆனால் நல்ல பேச்சாளருக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

சீலக்காவைக் கூப்பிட்டார். "அம்மா, அந்தப் புத்தகம் யாருகிட்ட இருக்குன்னு பாருங்க."

"சார், வாசல்ல பலகை மாட்டியிருக்கோமே."

"அது பலகைம்மா. வெளியில தொங்குது. நாம உள்ள இருக்கோம்."

"வேணாம் சார். பார்க்காம இருக்கிறது உங்களுக்குத்தான் நல்லது."

அவள் நிஜமாகவே அவருக்காகத்தான் சொன்னாள். வாழ்நாளில் அவருக்கு அவள் செய்த ஒரே உபகாரம் அது. பெரிய சாருக்கு முதலாளி முன்னால் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு நீ நல்லது சொல்றியா? இந்த நூலகத்துல என்னை விட அறம் தெரிஞ்சவங்க இருக்காங்களா? திருப்பும்மா அந்தத் திரையை. எல்லாரும் பார்க்கட்டும்!"

எழுந்து அவள் மேசைக்கே வந்துவிட்டார். முதலாளியும் தம்பியும் பின்னால் வந்தார்கள். வாசிப்பறையில் செய்தித்தாள்கள் தாழ்ந்தன. கடைசி நாற்காலிக்காரர்கூட, சீல் குத்தாமலேயே, எழுந்து உட்கார்ந்தார்.

சீலக்கா புத்தகத்தின் எண்ணைத் தட்டினாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு வாசல் பலகை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே வரும்போது தங்க நிறத்தில் பார்த்த அதே பெயர்தான். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பெரிய சாரைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நானா?" என்றார் பெரிய சார்.

"தேதி போட்டிருக்கு. இன்னும் திருப்பித் தரலேன்னும் போட்டிருக்கு."

பெரிய சார் வாயைத் திறந்தார். "நான் இல்லை" என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் பேப்பர் படிக்க தினமும் வருகிற பென்ஷன்காரர் ஒருவர் பெருமையாக எட்டிப்பார்த்து, "சார் படிக்காத புத்தகம் இங்க எது இருக்கு? கேடயம் சும்மாவா குடுத்தாங்க?" என்றார்.

நான் இல்லை என்றால், இது யார் எடுத்தது? வெள்ளாடு யார் எடுத்தது? பேய்க்கதை யார் எடுத்தது? அவர் பார்வை ஒரு தடவை தம் அறைக்குள் போய், துடைத்து வைத்த கேடயங்களைத் தொட்டுவிட்டு வந்தது. பிறகு சீலக்காவின் மேல் விழுந்தது. அவள் மைப்பெட்டியில் சீலை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார் பெரிய சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான். ஒரு... பொது அறிவுக்காக."

"பொது அறிவா? என் பட்டறை ஆளு ஈறு உங்களுக்கு என்னய்யா பொது அறிவு?"

"இல்ல, வந்து, எல்லாத் துறையும் தெரிஞ்சிருக்கணும்னு..."

"புத்தகம் எங்க? எடுங்க."

"வீட்டுல இருக்கு. பாதி படிச்சிருக்கேன்."

"பட்டறைக்குள்ள என் கங்காணி பார்த்தானே?"

அதற்கும் ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்துக்குப் பெரிய சார் வந்துவிட்டார். "படிச்சுப் பார்க்கட்டும்னு... நான்தான்... குடுத்தேன்."

"யாருகிட்ட?"

அங்கே அவருக்கு நிஜமாகவே தெரியாது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாசகரின் ரகசியம் அவரிடம் பத்திரமாக இருந்தது.

முதலாளி தம்பியின் பக்கம் திரும்பினார். "நேத்து ராத்திரிக்குள்ள கேட்டுடறேன்னியே. உங்க அக்கா என்ன சொன்னா? வாயைத் திறடா!"

சீலக்காவின் கை மைப்பெட்டி மேலேயே நின்றுவிட்டது. புத்தகம் எடுத்தவன் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் இருக்கிற மாதிரி அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தது யார் என்று தெரியும். "அக்காவுக்கு எல்லாம் தெரியும்" என்று ஒரு வார்த்தை போதும்.

தம்பி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஈறு தெரியும். பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றான். சூளையில் அம்மா நின்ற மாதிரியே இருந்தது அவளுக்கு. தலையில் கல் மட்டும்தான் இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "உம்மைப் படிச்சவர்னு மதிச்சேன். இப்படி நிஜமாவே படிக்கிற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்" என்று பெரிய சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏசியும் அவர் பின்னாலேயே போனது.

பெரிய சார் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரும்மா எடுத்தது?"

"நீங்கதான் சார்."

"விளையாடாதே. உன்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க சார். காரணம் கேப்பாங்க. பெரிய சார் கார்டுல ஊரே படிச்சிருக்குன்னு எழுதுங்க. சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க. கேடயத்தை நான் வேணா சாக்குல கட்டித் தரேன்."

பெரிய சார் நாற்காலியில் சாய்ந்தார். மேசை விசிறி அவருடைய நாலு முடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கேடயங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் புத்தகத்தை நூலகத்திலேருந்தே நீக்கிடு. பழசாயிடுச்சுன்னு போட்டுடு" என்றார்.

"நீக்கணும்னா புத்தகம் கைக்கு வரணும் சார்."

"எப்ப வரும்?"

"எடுத்தவரைத்தான் கேக்கணும். நீங்கதானே சார் எடுத்திருக்கீங்க?"

அத்தோடு கதை முடிந்து எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். மறுநாள் எடை மேடையில் வேறு ஆள் நின்றான். தம்பியின் மனைவி வாசலில் வந்து நின்று, தெரு கேட்கத் திட்டினாள். "உங்க ரகசியத்தை உலையில போட்டு வேகவெச்சுக் குடுங்க அண்ணி. பிள்ளைக்கு ஊட்டறேன்" என்றாள். அநியாயமாகத் திட்டினால் சீலக்கா நூறு பதில் சொல்லுவாள். இது நியாயமான வசவு. கேட்டுக்கொண்டாள். தன் வீட்டில் இருந்த அரிசியில் பாதியை அவள் மடியில் கட்டி அனுப்பினாள். தம்பி வேறு வேலை தேடி அலைந்தான். அலையாத நேரத்தில், ஆஸ்பத்திரிக்கு ரத்தச் சோதனைக்குப் போகிற பட்டறை ஆட்களோடு வரிசையில் நின்றான்.

வரிசையில் முன்னால் நின்றவன் குச்சி. ஒவ்வொருவனாக உதட்டைத் தூக்கிக் காட்ட, "யாருய்யா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றாராம் டாக்டர். புத்தகத்தை நீட்டினார்களாம். அவரும் நின்றபடியே ரெண்டு பக்கம் படித்தாராம். அவர் எழுதி அனுப்பியதில் பட்டறைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வழக்கம்போல முதலாளி அறையில் டீ குடித்தார்கள். வழக்கமாக டீ முடிந்ததும் சோதனையும் முடிந்துவிடும். இந்த முறை கிளம்ப முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் உதட்டைத் தூக்கியபடி நின்றார்கள். உலைக்கு மேல் புகைபோக்கி வந்தது. கொட்டகை பட்டறையை விட்டுத் தள்ளிப் போனது. குச்சிக்கு மணிக்கட்டு மட்டும் இன்னும் நிமிரவில்லை.

புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தது. நூலகத்துக்கு வரவே இல்லை. கெடு தாண்டிய புத்தகத்தைத் தயவுசெய்து திருப்பித் தரவும் என்று கம்ப்யூட்டர் பெரிய சாருக்கு வாராவாரம் மரியாதையாக நினைவூட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் பெரிய சார் தாமே அவள் மேசைக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். விஷயம் எப்படியோ சங்கம் வரை போயிருந்தது. உழைப்பாளிகளுக்காகப் படித்தவர், அவர்கள் பெயரைக் காட்டிக்கொடுக்காமல் தம் பெயரையே கொடுத்தவர் என்று அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டமாம். அவர் மறுக்கவில்லை. எதை மறுத்திருக்கிறார்?

"அம்மா, கூட்டத்துல யாராவது கேட்டா சொல்லணும்" என்றார் தணிந்த குரலில். "அந்தப் புத்தகத்துல என்னதாம்மா இருக்கு?"

சீலக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உதட்டைத் தூக்குங்க சார்."

"என்ன?"

"மேல் உதடு. தூக்கிக் காட்டுங்க. புத்தகத்துல அதுதான் இருக்கு."

பெரிய சார் ஒரு கணம் யோசித்தார். கூட்டத்துக்கு வேண்டுமே. இரண்டு விரலால் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார். சீலக்கா எட்டிப் பார்த்தாள். ஈறு பச்சைக்குழந்தை ஈறு மாதிரி இருந்தது. ரோஜா நிறம். ஒரு கோடு, ஒரு கறை கிடையாது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "குடுத்து வெச்சவரு. போய்ப் பேசுங்க."

அடுத்த ஆள் புத்தகத்தோடு நின்றிருந்தான். கைவிரல் நகமெல்லாம் கறுப்பு. முகவரிச் சான்று கேட்டால் சிரிப்பான் போலிருந்தது. அவள் பெரிய சார் கார்டைத் திரையில் திறந்து, புத்தகத்தை வாங்கி, ஓங்கி ஒரு சீல் குத்தினாள். உதட்டைப் பிடித்தபடி நின்றிருந்த பெரிய சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.